கடைசி வரை உடன் நடந்த வைத்தியர்

அநாதைகளை அரவணைக்க வேண்டும் என்று நாம் சிறு வயதிலிருந்தே கேட்டு வளர்கிறோம். நம் உயிரிலும் மேலான நபி (ஸல்) அவர்கள் தந்தையின் முகத்தைக் காணாமலே பிறந்தார்கள்; ஆறு வயதில் தாயையும் இழந்தார்கள். அநாதையைக் கடிந்து விரட்டக் கூடாது என்று அல்குர்ஆன் நமக்குக் கட்டளையிடுகிறது. பெற்றோர் இல்லாத பிள்ளைகளுக்காகவே வாழ்ந்த ஒரு வைத்தியரின் வரலாறு இது. அவர் வேறு நாட்டவர், வேறு சமயத்தவர். ஆனாலும் அவர் வாழ்விலிருந்து நாம் கற்றுக்கொள்ள நிறைய உண்டு.

போலந்தின் தலைநகரான வோர்சோவில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தவர் ஹென்ரிக் கோல்ட்ஷ்மிட். தந்தை சட்டத்தரணி, வசதியான வீடு. ஆனால் தந்தைக்கு மனநோய் ஏற்பட்டது. சிகிச்சைச் செலவில் குடும்பத்தின் சேமிப்பு கரைந்தது. 1896 இல் தந்தை இறந்தபோது ஹென்ரிக், நம் உயர்தர வகுப்பு மாணவர்களின் வயதில்தான் இருந்தார். மற்றவர்களின் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்து வீட்டுச் செலவுக்கு உதவினார். எழுத்திலும் அவருக்கு ஆர்வம் இருந்தது. 1898 இல் ஓர் இலக்கியப் போட்டிக்காக அவர் சூட்டிக்கொண்ட புனைபெயரே யானுஷ் கோர்ச்சாக். அந்தப் பெயரே உலகுக்குத் தெரிந்த பெயராயிற்று.

மருத்துவம் படித்து 1905 இல் வைத்தியரானார். சிறுவர் வைத்தியசாலை ஒன்றில் பணியாற்றினார். ஏழைப் பிள்ளைகளுக்கான கோடை விடுமுறை முகாம்களிலும் பொறுப்பாளராகச் சேவை செய்தார். முகாமில் பிள்ளைகளின் சத்தத்தை மிரட்டி அடக்கப் பார்த்துத் தோற்றுப் போனார். பிள்ளைகளை அதட்டுவதை விட்டு அவர்களோடு உட்கார்ந்து பேசத் தொடங்கிய பிறகுதான் அவர்களைப் புரிந்துகொண்டார். நோய்க்கு மருந்து கொடுத்துப் பிள்ளையை மீண்டும் பட்டினி கிடக்கும் வீட்டுக்கே அனுப்புவது போதாது என்ற எண்ணமும் அவரை உறுத்தியது.

அக்காலத்தில் வோர்சோவில் இருந்த ஓர் அநாதை இல்லத்தில் ஸ்டெபானியா வில்சின்ஸ்கா என்ற இளம் பெண் தொண்டராகச் சேர்ந்தார். வெளிநாட்டில் விஞ்ஞானம் படித்துத் திரும்பியவர் அவர். இருவரும் இணைந்து 1912 இல் குரோக்மல்னா வீதியில் யூத அநாதைப் பிள்ளைகளுக்கான புதிய இல்லத்தைத் திறந்தனர். கோர்ச்சாக் வைத்தியசாலைப் பணியை விட்டு அங்கேயே குடியேறினார். முதலாம் உலகப் போரில் அவர் இராணுவ வைத்தியராக அனுப்பப்பட்டபோது, அந்த ஆண்டுகள் முழுவதும் இல்லத்தைத் தாங்கிப் பிடித்தவர் ஸ்டெபானியா. கோர்ச்சாக்கின் புகழுக்குப் பின்னால் அந்தப் பெண்ணின் உழைப்பு இருந்தது என்பதை நாம் மறக்கக் கூடாது.

அந்த இல்லத்தின் வியப்பான அம்சம் பிள்ளைகளின் நீதிமன்றம். அந்த வாரம் எந்த வழக்கிலும் சிக்காத பிள்ளைகளிலிருந்து சீட்டுக் குலுக்கி நீதிபதிகளைத் தெரிவு செய்தார்கள். சட்டத் தொகுப்பின் ஆரம்பப் பிரிவுகள் எல்லாம் மன்னிப்பதைப் பற்றியே பேசின. ஆசிரியர்கள் மீதும் வழக்குப் போடலாம். கோர்ச்சாக் ஆறு மாதத்துக்குள் ஐந்து தடவை தம் மீதே வழக்குத் தொடுத்தார். ஒரு சிறுவனைக் காதில் அடித்தது, ஒரு சிறுமியைத் திருடி என்று சந்தேகித்தது போன்றவையே குற்றங்கள். பெற்றோர் இல்லாத பிள்ளைக்காகக் கேட்க யாருமில்லை என்று எந்தப் பெரியவரும் நினைத்துவிடக் கூடாது என்பதில் அவர் அவ்வளவு கவனமாக இருந்தார்.

புதிதாக வரும் பிள்ளைக்கு வழிகாட்ட ஒரு மூத்த பிள்ளை நியமிக்கப்பட்டது. வாயால் சொல்லத் தயங்குவதை எழுதிப் போட ஒரு கடிதப் பெட்டி இருந்தது. பிற்காலத்தில் இளம் மாணவர்களும் தங்குமிடத்துக்கும் உணவுக்கும் ஈடாகப் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டார்கள். அன்றாடம் கண்டதை அவர்கள் குறிப்பேட்டில் எழுத வேண்டும். ஸ்டெபானியா அதை வாசித்துப் பதில் எழுதுவார். இரக்கம் மட்டும் போதாது, கவனித்துப் பார்க்கவும் பழக வேண்டும் என்பதே அவர்கள் பெற்ற பயிற்சி. 1926 இல் பிள்ளைகளே எழுதும் ஒரு பத்திரிகையையும் கோர்ச்சாக் தொடங்கினார்.

1939 இல் ஹிட்லரின் படைகள் போலந்தைக் கைப்பற்றின. 1940 இல் வோர்சோ யூதர்கள் மதில் சூழ்ந்த ஒரு பகுதிக்குள் அடைக்கப்பட்டனர். இல்லமும் அங்கே மாற வேண்டியதாயிற்று. வழியில் பிள்ளைகளின் உருளைக்கிழங்கு வண்டியைக் காவலர்கள் பறித்தார்கள். அதைக் கேட்டு ஜேர்மன் அலுவலகத்துக்கே போன கோர்ச்சாக் சிறையில் அடைக்கப்பட்டார். விடுதலையான பின்னர், உடல் தளர்ந்த அந்த முதியவர் ஒரு சாக்கைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாக ஏறி இறங்கி உணவு கேட்டார். 1942 ஜூலையில் பிள்ளைகள் தாகூரின் தபால் நிலையம் என்ற நாடகத்தை நடித்தார்கள். நோயில் கிடந்து மரணத்தை அமைதியாக எதிர்கொள்ளும் ஒரு சிறுவனின் கதை அது.

சில நாட்களில் மக்களைக் கொலை முகாமுக்கு ஏற்றிச் செல்வது தொடங்கியது. கோர்ச்சாக்கை மட்டும் தப்ப வைக்க நண்பர்கள் முன்வந்தனர். அவர் மறுத்துவிட்டார். 1942 ஓகஸ்ட் மாதத் தொடக்கத்தில் சுமார் 200 பிள்ளைகள் வரிசையாகப் புகையிரதத்தை நோக்கி நடந்தார்கள். கோர்ச்சாக்கும் ஸ்டெபானியாவும் மற்றப் பணியாளர்களும் அவர்களுடன் நடந்தார்கள். திரெப்ளிங்காவுக்குக் கொண்டு செல்லப்பட்ட அவர்களில் எவரும் திரும்பவில்லை. இன்று அங்கே சுமார் 17,000 நினைவுக் கற்கள் நிற்கின்றன. அவற்றில் ஒரு தனி மனிதரின் பெயரைத் தாங்கிய ஒரே கல் கோர்ச்சாக்கினுடையது. அதிலும் அவர் பெயரோடு பிள்ளைகளும் நினைவுகூரப்படுகிறார்கள்.

பின்னாளில் சிறுவர் உரிமைகளுக்கென ஓர் உலக உடன்படிக்கை வேண்டும் என்று 1978 இல் முன்மொழிந்த நாடு போலந்துதான். 1989 இல் ஐக்கிய நாடுகள் சபை அதை ஏற்றது. இலங்கையும் 1991 இல் அதில் இணைந்தது.

போரும் சுனாமியும் நம் நாட்டிலும் எத்தனையோ பிள்ளைகளைப் பெற்றோரற்றவர்களாக்கின. நோன்பு காலத்தில் நாம் சிறுவர் இல்லங்களுக்கு உணவுப் பொதிகளோடு போகிறோம். நல்ல காரியம்தான். ஆனால் பெருநாள் முடிந்த அடுத்த மாதமும் அந்தப் பிள்ளைகள் அங்கேதான் இருக்கிறார்கள். பாடம் சொல்லிக் கொடுக்க, கதை கேட்க, பெயரை மறக்காமல் கூப்பிட நம்மால் மீண்டும் மீண்டும் போக முடியும். போகிறோம் என்று ஒரு பிள்ளைக்குச் சொன்னால் போகத்தான் வேண்டும். ஏற்கெனவே ஒரு தடவை இழந்த பிள்ளையை நாமும் காக்க வைக்கக் கூடாது. அநாதைகளுக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாற்றும் கூட்டத்தில் அல்லாஹ் நம் அனைவரையும் சேர்த்து வைப்பானாக. ஆமீன்.