உலகத்தை ஊருக்கு அழைத்த வாத்தியார்



ரவீந்திரநாத் தாகூர் என்றதும் வெள்ளைத் தாடியும், தேசிய கீதமும், 1913-இல் வாங்கிய நோபல் பரிசும்தான் நமக்கு ஞாபகம் வரும். அவர் சுமார் 40 வருஷம் பள்ளிக்கூடம் நடத்தியவர் என்பதை யாரும் அவ்வளவாகப் பேசுவதில்லை. அந்த வாத்தியார் தாகூரைப் பற்றித்தான் எழுத வந்தேன்.

1861-இல் கல்கத்தாவில் பெரிய ஜமீன் குடும்பத்தில் பிறந்தார். பள்ளிக்கூடம் மாற்றி மாற்றிச் சேர்த்தார்கள். எதிலும் மனசு ஒட்டவில்லை. 1878-இல் லண்டனுக்குப் படிக்கப் போய், 1880-இல் பட்டம் வாங்காமலே திரும்பினார். எங்க வீட்டில் முதன்முதலாகப் படிக்க வந்தவன் நான். இப்படித் திரும்பிப் போய் நின்றால் அப்பா என்ன சொல்வாரோ, நினைத்தாலே பயமாக இருக்கிறது! வசதியான வீட்டுப் பிள்ளைக்குத்தான் அந்தச் சலுகை. ஆனாலும் நாலு சுவருக்குள் பட்ட பாட்டை அவர் மறக்கவில்லை.

1901 டிசம்பரில் வங்காளத்தின் சாந்திநிகேதனில் 5 மாணவர்களோடு பள்ளியைத் தொடங்கினார். அதில் ஒருவர் அவருடைய மகன். வகுப்பு மரத்தடியில். செலவுக்கு மனைவி மிருணாளினி தேவி தன் நகைகளைக் கொடுத்தார். பூரியில் இருந்த வீடும் விற்கப்பட்டது. அடுத்த வருஷமே அந்த அம்மா இறந்துபோனார். 1903-இல் ஒரு மகள், 1907-இல் கடைசி மகன். இத்தனைக்கும் நடுவே பள்ளி மட்டும் நிற்கவில்லை.

நமக்கு வெளிநாடு என்றால் தலைநகரமும் நாணயமும் மனப்பாடம் செய்வது. எங்க தெருவில் வெளிநாடு என்றால் வெல்டிங் வேலைக்குப் போன அண்ணன் கொண்டுவரும் சென்ட் பாட்டிலும் போர்வையும். தாகூர் வழியே வேறு. வரைபடத்தோடு விடாமல் ஆளையே கூட்டி வந்தார். 1921-இல் பள்ளியோடு சேர்த்து விஸ்வபாரதியை ஆரம்பித்தார். நாடெங்கும் ஒத்துழையாமை இயக்கம் நடந்து, அந்நியத் துணியைக் கொளுத்திக்கொண்டிருந்த நேரம் அது! துணியைக் கொளுத்துவதில் காந்தியடிகளோடு அவருக்கு உடன்பாடில்லை. அதற்காக அவரை வெள்ளைக்காரனுக்கு வேண்டியவர் என்று நினைத்துவிடாதீர்கள். ஜாலியன் வாலாபாக் படுகொலைக்காக 1919-லேயே 'சர்' பட்டத்தைத் துறந்தவர்.

பாரிஸிலிருந்து சில்வான் லெவி என்ற அறிஞர் வந்து சீன, திபெத்திய மொழிகளைக் கற்றுக்கொடுத்தார். எதற்கு என்கிறீர்களா? நம் நாட்டில் தொலைந்துபோன பௌத்த நூல்கள் பல, அந்த மொழிபெயர்ப்புகளில்தான் உயிரோடு இருந்தன. நம் வீட்டுப் பத்திரம் பக்கத்து வீட்டுப் பெட்டியில் இருந்த கதைதான்! 1929-இல் ஜப்பானிலிருந்து தகாகாகி வந்து ஜூடோ கற்றுக்கொடுத்தார். பெண் பிள்ளைகளும் கற்றார்கள். 1927-இல் தாகூர் ஜாவா, பாலித் தீவுகளுக்குப் போய், நம் ராமாயணமும் மகாபாரதமும் அங்கே ஆட்டமாகவும் கூத்தாகவும் வாழ்வதைப் பார்த்தார். அதன்பின் மெழுகு பூசிச் சாயமேற்றும் ஜாவாவின் பாத்திக் வேலை சாந்திநிகேதனில் கைத்தொழில் பாடமானது. அந்தப் பயணத்தில் சிங்கப்பூரில் சந்தித்த தான் யுன்-ஷான் என்ற சீன இளைஞர் அடுத்த வருஷமே வந்து சேர்ந்தார். அவர் உழைப்பில் 1937-இல் சீன பவனம் எழுந்தது.

நம்மைப் போன்ற பாலிடெக்னிக் ஆட்களுக்குப் பிடித்தது இனிமேல்தான் வருகிறது. ஆரம்பத்தில் சாந்திநிகேதனில் படித்தவர்களில் பெரும்பாலோர் வசதியான வீட்டுப் பிள்ளைகள். இது எனக்குக் கொஞ்சம் உறுத்தத்தான் செய்தது. தாகூருக்கும் உறுத்தியிருக்க வேண்டும். 1922-இல் பக்கத்து சுருல் கிராமத்தில் எல்ம்ஹர்ஸ்ட் என்ற ஆங்கிலேயரை வைத்து ஸ்ரீநிகேதனைத் தொடங்கினார். விவசாயம், நெசவு, தச்சு, தோல் வேலை எல்லாம் அங்கே. 1924-இல் ஏழைக் கிராமத்துப் பிள்ளைகளுக்கென்றே 'சிக்ஷா சத்ரா' என்ற பள்ளியும் வந்தது. அந்த ஆங்கிலேயர் அமெரிக்காவில் விவசாயம் படித்தவர். உலகத் தொடர்பு என்பது ஏர் பிடிக்கும் வீட்டுப் பிள்ளைக்கும் சேர்த்துத்தான் என்று தாகூர் நினைத்திருக்கிறார். அவர் செய்ததிலேயே பெரிசு இதுதான் என்பேன்.

இன்னொன்று. பழகினார் என்பதற்காக யாருக்கும் ஜால்ரா போடவில்லை. ஜப்பானை அவ்வளவு நேசித்தவர், அது சீனாவின் மேல் படையெடுத்தபோது சும்மா இருக்கவில்லை. 1938-இல் தன் நண்பரான ஜப்பானியக் கவிஞர் நோகுச்சிக்கே கண்டித்துக் கடிதம் எழுதினார். நட்பு முறிந்தாலும் பரவாயில்லை என்ற துணிச்சல்! அப்போது அவருக்கு வயது 77.

1941 ஆகஸ்ட் 7-ஆம் தேதி கல்கத்தாவில் காலமானார். 1951-இல் விஸ்வபாரதி மத்தியப் பல்கலைக்கழகமானது. 2023-இல் யுனெஸ்கோ சாந்திநிகேதனை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. சீன பவனமும் ஸ்ரீநிகேதனும் இன்றும் இருக்கின்றன. பள்ளிப் பிள்ளைகளும் மரத்தடியில்தான் உட்காருகிறார்கள்.