லிசியே மடத்துச் சிறுமலர்

வாசகரே, புனித குழந்தை தெரேசா 1873ஆம் ஆண்டு தை 2ந் திகதி பிரான்சின் அலென்சோன் நகரிலே பிறந்தவர். பதினைந்தாவது வயதில் லிசியே கார்மேல் மடத்துள் புகுந்தார். பிறகு வெளியே வரவில்லை. அங்கே அப்படி என்னதான் செய்தார் என்று கேட்பீர்கள்.

மடத்தில் லேஞ்சிகள் தோய்க்கும்போது, எதிரே நின்ற சகோதரி ஊத்தைத் தண்ணீரை இவர் முகத்தில் தெறிக்கப் பண்ணிக்கொண்டேயிருப்பார். சற்று விலகி, முகத்தைத் துடைத்துக் காட்டினால் அவருக்கு விளங்கியிருக்கும். தெரேசாவுக்கும் முதலில் வந்த எண்ணம் அதுதான். (நமக்கென்றால் வாயும் சும்மா இராது.) ஆனால் அவர் துடைக்கவில்லை, தேடாமல் கிடைத்த கொடையென்று ஏற்றுக்கொண்டார். மாலைத் தியானத்தில் பின்னாலிருந்து ஓயாது சத்தம் உண்டாக்கிய இன்னொருவரையும் திரும்பிப் பார்க்கவில்லை. அது இலேசாக வந்த பொறுமையன்று. அடக்கிய அடக்கில் உடம்பெல்லாம் வியர்த்து நனைந்தது. எல்லாவற்றிலும் தமக்கு எரிச்சலூட்டிய வேறொரு சகோதரியிடமோ மிக அன்பாய் முகமலர்ந்து நடந்தார். தம்மிடம் அப்படி எதைக் கண்டு விரும்புகிறீர் என்று அச்சகோதரியே வந்து கேட்குமளவுக்கு!

காசநோயால் 1897 புரட்டாதி 30ந் திகதி, 24 வயதிலே மரித்தார். அவர் நோயாய்க் கிடந்தபோது, இவரைப்பற்றி மடத்துத் தாயார் எழுதுவதற்கு என்ன இருக்கிறது என்று ஒரு சகோதரி யோசித்தாராம். 1925இல் 11ஆம் பத்திநாதர் அவரைப் புனிதையென அறிவித்தார்.