மாட்ஸ்லே: உளியை எந்திரத்தின் கையில் கொடுத்தவர்

பழைய மோட்டார் காரின் டாஷ்போர்டு பலகை உடைந்து விட்டது. அதே மாதிரிப் பலகை எந்தக் கடையிலும் இல்லை. என்ன செய்வது?

இன்று இதற்குக் கவலை இல்லை. வேகம் காட்டும் மானிக்கு ஒரு வட்டம், பெட்ரோல் அளவு காட்டும் மானிக்கு ஒரு வட்டம், சுவிட்சுகளுக்குத் துளைகள் என்று கம்ப்யூட்டரில் படம் வரைகிறார்கள். சி.என்.சி. என்ற எந்திரம், அந்தப் படத்தின்படியே மரப் பலகையையோ, அலுமினியத் தகட்டையோ வெட்டித் தருகிறது. மானியை வைத்தால் கச்சிதமாகப் பொருந்துகிறது.

இதில் வெட்டும் உளியை மனிதன் பிடிப்பதில்லை. எந்திரமே பிடிக்கிறது, எந்திரமே நகர்த்துகிறது. இந்த வித்தையைப் பட்டறைக்குள் கொண்டு வந்தவர், 200 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த ஓர் ஆங்கிலேயர். அவர் பெயர் ஹென்றி மாட்ஸ்லே.

12 வயதில் வேலை

லண்டனை அடுத்த உல்விச்சில், 1771-ம் ஆண்டு ஆகஸ்டு 22-ந் தேதி மாட்ஸ்லே பிறந்தார். தந்தை, ராணுவத்தில் வண்டிச் சக்கரம் செய்தவர். காயம் அடைந்த பிறகு, உல்விச் ஆயுதச் சாலையில் பண்டகக் காப்பாளராக இருந்தார். 1780-ல் அவர் இறந்து போனார்.

மகன் 12 வயதில் வேலைக்குப் போனான். அதே ஆயுதச் சாலையில், தோட்டாக்களில் வெடிமருந்து நிரப்பும் வேலை. பிறகு தச்சுப் பட்டறைக்கு அனுப்பினார்கள். ஆனால் அவன் மனமெல்லாம் கொல்லன் உலையிலேயே இருந்தது. 15 வயதில் கொல்லுப் பட்டறைக்கு மாறினான். அங்கே அவனுடைய கை பேசியது.

அப்போது லண்டனில் ஜோசப் பிராமா என்பவர் புதுவிதமான பூட்டு ஒன்றைக் கண்டுபிடித்திருந்தார். அதைத் துல்லியமாகச் செய்ய ஆள் கிடைக்காமல் திண்டாடினார். மாட்ஸ்லேயைப் பற்றிக் கேள்விப்பட்டு வரவழைத்தார். வந்தவர் 18 வயது வாலிபர்! பிராமாவுக்கு நம்பிக்கை வரவில்லை. வேலையைப் பார்த்த பிறகு நம்பினார்.

மாட்ஸ்லே செய்த பூட்டு ஒன்றைக் கடை ஜன்னலில் வைத்து, சாவி இல்லாமல் திறப்பவருக்கு 200 கினி பரிசு என்று அறிவித்தார்கள். 1851 வரை அதை யாராலும் திறக்க முடியவில்லை. அந்த ஆண்டில் ஓர் அமெரிக்கர், பல நாட்கள் பாடுபட்டுத் திறந்தார்.

கூலி உயரவில்லை

1791-ல் மாட்ஸ்லே, சாரா என்ற பெண்ணை மணந்தார். குழந்தைகள் பிறந்தன. அவர் பட்டறைக்கே மேலாளர் ஆகியும் சம்பளம் வாரத்துக்கு 30 ஷில்லிங்தான். குடும்பச் செலவு கட்டுப்படியாகவில்லை. 1797-ல் கூடுதல் சம்பளம் கேட்டார். பிராமா மறுத்து விட்டார்.

மாட்ஸ்லே வேலையை விட்டு விலகி, லண்டனில் சொந்தமாகச் சிறு பட்டறை வைத்தார். அவருடைய புகழ் அங்கேதான் வளர்ந்தது.

அந்தக் காலத்தில் லேத்தில் கடைபவர், உளியைக் கையாலேயே அழுத்திப் பிடிப்பார். கை நடுங்கினால் வேலை கெட்டு விடும். ஒரு போல்டுக்குச் செய்த நட்டு, இன்னொரு போல்டில் ஏறாது. கழற்றும்போது ஜோடி மாறிப் போனால், பிறகு எது எதற்கு என்று தேடித் தவிக்க வேண்டியதுதான்.

மாட்ஸ்லே உளியை ஓர் இரும்புத் தாங்கியில் இறுக்கினார். நீளமான திருகுத் தண்டு ஒன்று சுழன்று, அந்தத் தாங்கியைச் சீராக நகர்த்தியது. பல்சக்கரங்களை மாற்றினால், மரையின் இடைவெளியும் மாறியது. முன்பே வேறு சிலரும் இப்படி முயன்றதுண்டு. ஆனால், நாள்தோறும் உழைக்கும் உறுதியான எந்திரமாக அதை ஆக்கிக் காட்டியவர் மாட்ஸ்லே. ஒரே அளவு மரையை எத்தனை முறை வேண்டுமானாலும் வெட்ட வழி பிறந்தது.

அங்குலத்தில் பத்தாயிரத்தில் ஒரு பங்கைக் காட்டும் அளவுகோலையும் அவர் செய்தார். சச்சரவு வந்தால், அது காட்டும் அளவே தீர்ப்பு!

110 பேர் வேலை, 10 பேருக்கு

ஆங்கிலேயக் கடற்படைக்கு ஆண்டுதோறும் ஒரு லட்சத்துக்கு மேல் மரக் கப்பிகள் தேவைப்பட்டன. பாய்மரக் கயிறுகளை இழுக்க அவை வேண்டும். புரூனல் என்ற பொறியாளர் வகுத்த திட்டப்படி, இவற்றைச் செய்யும் எந்திரங்களை மாட்ஸ்லே கட்டிக் கொடுத்தார். போர்ட்ஸ்மவுத் துறைமுகத்தில் அவை ஓடத் தொடங்கின.

கைதேர்ந்த 110 பேர் செய்த வேலையை, தொழில் பழகாத 10 பேரே செய்து முடித்தார்கள். கப்பல்களுக்கு நல்ல கப்பிகள் கிடைத்தன. ஆனால், ஆயுள் முழுதும் பழகிய கைவேலை பல குடும்பங்களுக்குப் பயன்படாமல் போயிற்று. எந்திரத்தின் பெருமையோடு இதையும் நினைக்கத்தான் வேண்டும்.

சீடர்கள்

மாட்ஸ்லேயிடம் தொழில் கற்றவர்கள் பெரும் புகழ் பெற்றார்கள். விட்வொர்த், நாடு முழுவதும் மரைகளுக்கு ஒரே அளவு வேண்டும் என்று 1841-ல் திட்டம் தந்தார். நாஸ்மித், நீராவிச் சம்மட்டியைச் செய்தார். கிளமென்ட் என்பவர், பாபேஜின் கணக்குப் போடும் எந்திரத்துக்கு உறுப்புகள் செய்து கொடுத்தார்.

கணக்கு எந்திரமும் கடைசல் எந்திரமும் ஒன்று சேர நெடுங்காலம் பிடித்தது. காகித நாடாவில் குறித்த எண்களைப் படித்துத் தானே உலோகத்தை வெட்டும் எந்திரத்தை, 1952-ல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தார் ஓட்டிக் காட்டினார்கள். பிறகு, நாடாவின் இடத்தில் கம்ப்யூட்டர் வந்தது. அதுவே சி.என்.சி. ஆனாலும், கம்ப்யூட்டரின் கட்டளையைக் கேட்டு உளியை நகர்த்துவது, பல எந்திரங்களில் இன்றும் ஒரு திருகுத் தண்டுதான்.

கடைசிப் பயணம்

1831 தொடக்கத்தில் மாட்ஸ்லே, பிரான்சில் நோயுற்றிருந்த நண்பரைப் பார்க்கச் சென்றார். கடல் வழியாகத் திரும்பும்போது குளிர் தாக்கியது. பிப்ரவரி 14-ந் தேதி காலமானார். வயது 59.

பிறந்த ஊரான உல்விச்சில் அவரை அடக்கம் செய்தார்கள். அவருடைய கல்லறை வார்ப்பிரும்பால் ஆனது. அதற்கும் அவரே முன்கூட்டி வடிவம் அமைத்து வைத்திருந்தார்.