பொறியறிவால் உயர்ந்த ஜி. டி. நாயுடு

கல்வி இருவகையாக வாய்க்கும். நூல்களைப் பயின்று அறிவது ஒரு வகை. பொருள்களைக் கையாண்டு, அவை இயங்கும் முறையைக் கண்டு தெளிவது மற்றொரு வகை. இவற்றுள் பின்னதையே பெருந்துணையாகக் கொண்டு, பள்ளிப் படிப்பு மிகக் குறைவாக இருந்தும், பொறித் தொழிலில் நாடு போற்றும் நிலையை எய்தியவர் ஜி. டி. நாயுடு ஆவார்.

கோபாலசாமி துரைசாமி நாயுடு என்பது அவருடைய முழுப்பெயர். அவர் கோயம்புத்தூரை அடுத்த கலங்கல் என்னும் சிற்றூரில், உழவர் குடும்பத்தில், 1893ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 23ஆம் நாள் பிறந்தார். பள்ளியில் அமர்ந்து பாடம் கேட்பதில் அவருக்கு மனம் செல்லவில்லை. தொடக்கப் பள்ளியோடு அவரது படிப்பு நின்றது. ஆயினும், அறியும் வேட்கை அவரிடம் ஒருபோதும் நிற்கவில்லை.

ஒரு நாள் ஆங்கிலேய அதிகாரி ஒருவர் ஊர்ந்து வந்த மோட்டார் சைக்கிளை அவர் கண்டார். மாடும் குதிரையும் இன்றித் தானே ஓடும் அவ்வண்டி அவர் உள்ளத்தைக் கவர்ந்தது. அதனைத் தமதாக்கிக்கொள்ள வேண்டும் என்று உறுதி பூண்டார். கோவைக்குச் சென்று, ஓர் உணவு விடுதியில் பணியாளாக அமர்ந்து, சிறுகச் சிறுகப் பொருள் சேர்த்தார். பின்னர் 300 ரூபாய் கொடுத்து அவ்வண்டியை வாங்கினார். வாங்கியவர் அதில் ஏறி உலாவி மகிழ்வதோடு நின்றாரல்லர். அதன் உறுப்புகளை ஒவ்வொன்றாகக் கழற்றினார், ஒவ்வொன்றின் பயனையும் ஆராய்ந்தார், மீண்டும் பூட்டினார். அந்த வண்டியே அவருக்குப் பள்ளியாகவும் ஆசிரியராகவும் அமைந்தது.

அவ்வாறு கற்கத்தக்கது அதில் என்ன இருந்தது என்பதை நாமும் அறிதல் நலம். பெட்ரோல் என்ஜினுள் காற்றும் பெட்ரோல் ஆவியும் கலந்து புகுகின்றன. பிஸ்டன் அக்கலவையை அழுத்துகின்றது. அழுந்திய கலவையில் உரிய நேரத்தில் ஒரு தீப்பொறி தோன்றுதல் வேண்டும். பழைய மோட்டார் சைக்கிள்களில் இதற்கு வேண்டிய மின்சாரத்தை மாக்னெட்டோ என்னும் கருவி உண்டாக்கியது. காந்தத்தின் இடையே கம்பிச்சுருள் சுழல மின்சாரம் பிறக்கும். தொடுமுனைகள் இரண்டும் பிரியும் கணத்தில் அதன் அழுத்தம் பல்லாயிரம் வோல்ட்டாக உயர்ந்து, ஸ்பார்க் பிளக்கின் நுனியில் உள்ள சிறு இடைவெளியைத் தாண்டிப் பொறியாகப் பாயும். அப்பொறி தோன்றாவிடின், எத்துணை விலையுயர்ந்த வண்டியும் வெறும் இரும்புக் குவியலே ஆகும்.

இத்தகைய என்ஜின் நின்றுவிட்டால், குறையைத் தேடுவதற்கு ஒரு முறை உண்டு. பெட்ரோல் வருகின்றதா என்பதை முதலில் நோக்குவர். அடுத்துப் பிளக்கைக் கழற்றி, அதன் உடல் என்ஜினின் இரும்பைத் தொடுமாறு வைத்து, என்ஜினைச் சுழற்றிப் பொறி பாய்கின்றதா எனப் பார்ப்பர். பாயவில்லையெனில், குறை மின்வழியில் உள்ளது. பிளக்கில் கரி படிந்திருக்கலாம், தொடுமுனைகள் கறுத்திருக்கலாம், கம்பியின் உறை கிழிந்து மின்சாரம் கசியலாம். பொறி பாயுமெனில், குறையை வேறிடத்தில் தேடுதல் வேண்டும். ஒன்றன்பின் ஒன்றாக ஐயங்களை விலக்கி உண்மையை அடையும் இம்முறையே அறிவியலின் முறையும் ஆகும்.

1920ஆம் ஆண்டில் நாயுடு ஒரு பேருந்தை வாங்கினார். கோவைத் தொழிலதிபர் ராபர்ட் ஸ்டேன்ஸ் அதற்கு உதவினார். பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே அப்பேருந்தை அவரே ஓட்டினார். அந்நாளில் மதுரை மாவட்டத்தைச் சேர்ந்திருந்த பழனி, 1985இல் திண்டுக்கல் மாவட்டம் தோன்றியபோது அதனுள் அடங்கியது. ஏறத்தாழ 60 கிலோமீட்டர் நீளும் அவ்வழியில் அடியார்கள் கால்நடையாகவும் மாட்டுவண்டியிலும் சென்று வந்த காலம் அது. நடுவழியில் வண்டி நின்றால் உதவிக்கு ஓடிவரும் பட்டறைகள் அன்று அரியன. ஓட்டுநரே பழுது பார்ப்பவராகவும் இருந்தாலன்றிப் பயணிகள் ஊர் போய்ச் சேர்தல் அரிது.

ஒரு பேருந்தோடு தொடங்கிய அத்தொழில், யுனிவர்சல் மோட்டார் சர்வீஸ் என்னும் பெரிய நிறுவனமாக வளர்ந்தது. 1933ஆம் ஆண்டளவில் அதற்கு 280 பேருந்துகள் இருந்தன. செல்வம் பெருகிய பின்னரும் நாயுடு பட்டறையை மறந்தாரில்லை. மின்கலத்தால் இயங்கும் சவரக் கருவி, மிக மெல்லிய சவர அலகு, பழச்சாறு பிழியும் கருவி, மண்ணெண்ணெயால் சுழலும் விசிறி, வாக்குகளைப் பதிவு செய்யும் பொறி எனப் பலவற்றை அவர் ஆக்கினார்.

ஆனால், அவர் முயற்சிகள் யாவும் எளிதில் கைகூடின அல்ல. 1952ஆம் ஆண்டில் இருவர் அமர்ந்து செல்லத்தக்க சிறு காரை உருவாக்கினார். அதன் விலை 2,000 ரூபாய் அளவினதே. எளிய குடும்பத்தினரும் கார் வைத்திருக்கலாம் என்னும் நம்பிக்கையை அது தோற்றுவித்தது. எனினும், அதனைப் பெருமளவில் செய்வதற்கு அரசின் உரிமம் கிடைக்கவில்லை. அம்முயற்சி அவ்வளவில் நின்றது. வண்டியின் குறையைக் கண்டு தீர்க்க வல்ல அவராலும் இத்தடையைத் தீர்க்க இயலவில்லை.

தாம் பெறாத கல்வியை இளைஞர்கள் பெறவேண்டும் என்பதில் அவர் ஊக்கம் காட்டினார். 1945இல் கோவையில் ஆர்தர் ஹோப் பெயரால் பொறியியற் கல்லூரி தோன்றுவதற்கு அவரே காரணராய் விளங்கினார். பிற்காலத்தில் அதுவே அரசு தொழில்நுட்பக் கல்லூரி ஆயிற்று.

1974ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 4ஆம் நாள் நாயுடு இயற்கை எய்தினார். கோவை அவினாசிச் சாலையில் 2025இல் திறக்கப்பட்ட நீண்ட மேம்பாலம் அவர் பெயரைத் தாங்கி நிற்கின்றது.

மாணவர்களே! மாக்னெட்டோவும் தொடுமுனையும் இன்று பெரும்பாலும் மறைந்து, மின்னணுக் கருவிகள் அவற்றின் இடத்தைப் பெற்றுவிட்டன. கருவிகள் மாறலாம்; ஆராயும் முறை மாறாது. ஒரு பொருள் கெட்டால் அதனை எறிந்துவிடாமல், ஏன் கெட்டது என்று வினவுங்கள். தக்கார் துணையோடு பிரித்துப் பாருங்கள். கழற்றியதை மீண்டும் பொருத்தும் வரை அயராதீர்கள். நாயுடுவின் வாழ்க்கை நமக்கு உணர்த்தும் பாடம் இதுவே.