டாக்டர் முத்துலட்சுமி அம்மையார்

தூத்துக்குடிக் கடல் முத்துக்குப் பெயர்பெற்றது. பண்டைநாள் தொட்டுக் கடந்த நூற்றாண்டு வரை, அக்கரையில் வாழ்ந்த பரதவர் கல்லின் துணையால் ஆழத்தில் இறங்கி, மூச்சை அடக்கிக்கொண்டு சிப்பிகளைத் திரட்டி மேலெழுந்தனர். அச்சிப்பிகளுள் மிகச் சிலவற்றில்தான் முத்து இருக்கும். முத்துத் தோன்றும் விதம் வியக்கத்தக்கது. சிப்பியின் மெல்லிய உடலுள் அயற்பொருள் ஏதேனும் நுழைந்து உறுத்துமாயின், சிப்பி அதனைச் சூழ ஒளிமிக்க பொருளொன்றைச் சுரந்து, படலம் படலமாகப் பூசி வரும். காலம் பல கழிந்தபின் அவ்வுறுத்தலே முத்தாகி ஒளிரும். தம் நெஞ்சை உறுத்திய துன்பங்களை இவ்வாறே பிறர்க்கு நலம் பயப்பனவாக மாற்றிய பெண்மணி ஒருவர் நம் நாட்டில் வாழ்ந்தார். அவர் பெயரும் முத்தையே முதலாகக் கொண்டது. அவரே டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி.

அம்மையார் 1886ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 30ஆம் நாள் புதுக்கோட்டையில் பிறந்தார். தந்தையார் நாராயணசாமி கல்லூரித் தலைவராக விளங்கியவர், தாயார் சந்திரம்மாள். பருவம் எய்திய பெண்கள் பள்ளிக்குச் செல்லுதல் தகாது என்று ஊரார் எண்ணிய காலம் அது. முத்துலட்சுமியோ வீட்டிலிருந்தே பயின்று தேர்வில் வெற்றி பெற்றார். பின்னர், ஆண்கள் மட்டுமே பயின்ற புதுக்கோட்டை மன்னர் கல்லூரியில் சேர விண்ணப்பித்தார். பலர் எதிர்த்தனர். மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் இசைவளித்தமையால், 1904ஆம் ஆண்டில் அக்கல்லூரியின் முதல் மாணவியாக அம்மையார் அடியெடுத்து வைத்தார்.

1907ஆம் ஆண்டில் சென்னை மருத்துவக் கல்லூரியிற் சேர்ந்து, 1912இல் பதக்கங்கள் பெற்றுப் பட்டம் எய்தினார். 1914இல் டாக்டர் சுந்தர ரெட்டியை மணந்தார். தம்மைச் சமமாக மதித்தல் வேண்டும், தம் பணிக்குத் தடையாக நிற்றல் கூடாது என்னும் உறுதியைப் பெற்ற பின்னரே அவர் அம்மணத்திற்கு இசைந்தார். கணவரும் அவ்வுறுதியை இறுதிவரை காத்தார்.

மருத்துவத் தொழிலில் அம்மையார் புகழ் வளர்ந்துவந்த நாளில், அவர் இல்லத்தில் பெருந்துயரொன்று நேர்ந்தது. அருமைத் தங்கை இளமையிலேயே புற்றுநோய்க்கு ஆளானார். நோய் இன்னதெனத் தெளிவதற்குள் காலம் கடந்துவிட்டது. தமக்கை மருத்துவராய் இருந்தும் தங்கையைக் காக்க இயலவில்லை. புற்றுநோய்க்கெனத் தனி மருத்துவமனை தென்னாட்டில் எங்கும் இல்லை. இக்குறை அம்மையார் உள்ளத்தில் முள்ளெனத் தைத்தது. 1925இல் உயர்கல்விக்காக இலண்டன் மாநகர் சென்றபோது, அங்கிருந்த புற்றுநோய் மருத்துவமனையின் பணிகளையும் அவர் கருத்துடன் கண்டறிந்தார். அத்தகையதொன்று நம் நாட்டிலும் அமைதல் வேண்டும் என்னும் எண்ணம் வேரூன்றியது.

ஆயினும், அவ்வெண்ணம் நிறைவேறுமுன் வேறொரு கடமை அவரை அழைத்தது. தாயகம் திரும்பிய அம்மையாரைச் சென்னைச் சட்டமன்றத்தின் உறுப்பினராக அரசு நியமித்தது. அம்மன்றத்தின் முதல் பெண் உறுப்பினர் அவரே. 1927இல் மன்றத்தார் அவரைத் துணைத்தலைவராகவும் தேர்ந்தெடுத்தனர். மருத்துவத் தொழிலுக்கு இடையூறு நேருமே என்று அவர் முதலில் தயங்கியதுண்டு. ஆனால், மருந்தால் தீராத நோய்களும் சமுதாயத்தில் உள்ளன. அவற்றைச் சட்டத்தால்தான் தீர்த்தல் இயலும் என்பதை உணர்ந்து அப்பொறுப்பினை ஏற்றார்.

அந்நோய்களுள் கொடியது, சிறுமியர்க்குப் பொட்டுக்கட்டிக் கோயிலுக்கு விடும் வழக்கம். அறியாப் பருவத்தில் இவ்வாறு விடப்பட்ட பெண்கள் மணவாழ்வை இழந்து, இழிவுக்கும் பிணிக்கும் இரையாயினர். அம்மையாரின் தாயாரும் அத்தகைய மரபினைச் சார்ந்த குடியிற் பிறந்தவரே. ஆதலின் அத்துயரின் ஆழத்தை அவர் நன்கறிவார். அவ்வழக்கத்தை ஒழிக்குமாறு 1927இல் மன்றத்தில் தீர்மானம் கொணர்ந்தார். சமயத்தின் பெயராலும் கலையின் பெயராலும் பலர் எதிர்த்துரைத்தனர். அம்மையார் தளர்ந்தாரல்லர். கோயிற்பணிக்கு ஈடாக அப்பெண்கள் பெற்றிருந்த மானிய நிலங்களை, அப்பணியினின்று விடுவித்து அவர்கட்கே உரிமையாக்கும் திருத்தச்சட்டம் 1929இல் நிறைவேறியது. அடுத்த ஆண்டில், பொட்டுக்கட்டுதலையே தடுக்கும் சட்ட முன்வரைவையும் அவர் கொணர்ந்தார்.

அவ்வாண்டிலேதான் உப்புச் சத்தியாக்கிரகம் நிகழ்ந்தது. காந்தியடிகள் சிறைப்பட்டார். அரசின் செயலை வெறுத்த அம்மையார் தம் பதவியைத் துறந்தார். தாம் தொடங்கிய சட்டம் முற்றுப்பெறாத வேளையில் பதவியை விடுதல் எளிய செயலன்று. எனினும், நாட்டின் மானத்தைக் காட்டிலும் பதவி பெரிதென அவர் கருதவில்லை. பதவியைத் துறந்தாரேயன்றிப் பணியைத் துறந்தாரல்லர். பொட்டுக்கட்டும் வழக்கத்திற்கு அஞ்சிப் புகலிடம் தேடி வந்த பெண்களைத் தம் இல்லத்திலேயே வைத்துப் பேணினார். அதுவே ஒளவை இல்லமாக வளர்ந்தது; ஆதரவற்ற பெண்கட்குக் கல்வியும் வாழ்வும் அளித்தது. அவர் விரும்பிய தடைச்சட்டம், முதல் தீர்மானம் கொணர்ந்த நாளினின்று இருபது ஆண்டுகள் கழிந்து, 1947இல் நிறைவேறியது.

இனிப் புற்றுநோய் மருத்துவமனையின் வரலாற்றைக் காண்போம். 1935இல் சென்னை மருத்துவக் கல்லூரியின் நூற்றாண்டு விழா நடைபெற்றபோது, அம்மையார் தம் நெடுநாள் எண்ணத்தை அவையோர்க்கு எடுத்துரைத்தார். குணப்படாத நோய்க்குப் பொருளைச் செலவிடுதல் வீணென்று கருதினோர் அந்நாளில் மிகுதி. உரிய காலத்தில் கண்டறிந்தால் உயிரைக் காக்கலாம் என்பதை அம்மையார் ஓயாது வற்புறுத்தினார். இந்திய மாதர் சங்கத்தின் துணையுடன் நிதி திரட்டினார். செல்வர் கொடுத்த பெருந்தொகையையும் எளியோர் கொடுத்த சிறுதொகையையும் ஒன்றுபோல் போற்றினார்.

1952ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்களில், பிரதமர் நேரு அடையாற்றில் அடிக்கல் நாட்டினார். 1954ஆம் ஆண்டு சூன் 18ஆம் நாள், எளிய குடில்களில் 12 படுக்கைகளோடு மருத்துவமனை திறக்கப்பட்டது. அப்போது அம்மையார்க்கு அகவை 67. அவர் மைந்தர் டாக்டர் கிருஷ்ணமூர்த்தி, அயல்நாடுகளிற் பெற்ற பயிற்சியை இம்மருத்துவமனைக்கே உரித்தாக்கினார். 1955இல் வந்து சேர்ந்த டாக்டர் சாந்தா, 2021இல் மறையும் வரை இதனையே தம் வாழ்வாகக் கொண்டார். குடிலாகத் தோன்றிய அந்நிலையம், நாடெங்கிலுமிருந்து நோயாளர் நாடிவரும் பெருநிலையமாக வளர்ந்துள்ளது.

1956இல் இந்திய அரசு அம்மையார்க்குப் பத்மபூஷண் விருது வழங்கியது. 1968ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 22ஆம் நாள் அவர் இயற்கை எய்தினார். ஏழைத் தாய்மார்க்குத் தமிழக அரசு வழங்கும் மகப்பேற்று உதவித்திட்டம் அவர் பெயரைத் தாங்கி, தூத்துக்குடிக் கரையின் சிற்றூர்கள் வரை சென்று சேர்ந்துள்ளது.

தங்கையின் மரணம் மருத்துவமனையாயிற்று. தாயின் குடியினர் பட்ட துயரம் சட்டமாயிற்று. இவை ஓரிரு நாளில் விளைந்தவை அல்ல. சிப்பி படலத்தின்மேற் படலம் சேர்ப்பதுபோல, ஆண்டுக்கு ஆண்டு சலியாமல் உழைத்தே அம்மையார் இவற்றை ஆக்கினார். துன்பம் யாவர்க்கும் வரும். அதனைப் பிறர்க்கு ஒளியாக மாற்றுவோர் சிலரே. அச்சிலருள் முத்துலட்சுமி அம்மையார் ஒருவர்.