பேய் காட்டிய பேராசிரியர்

விஞ்ஞானத்தை மேடையேற்றிப் போதித்தோருள் யோன் ஹென்றி பெப்பர் என்னும் ஆங்கிலேயர் முன்வரிசையில் வைத்தெண்ணத் தக்கவர். ஆயினும் பௌதிக நூல்களில் அவர் பெயரைக் காண்டல் அரிது. இந்திரசால வித்தை கூறும் நூல்களிலேயே அது நிலைத்து நிற்கின்றது. இதன் காரணத்தை அவர் சரிதமே கூறும்.

1821 இல் இலண்டனிற் பிறந்த பெப்பர், இரசாயனம் பயின்று, 1848 இல் றீஜன்ற் வீதியிலிருந்த றோயல் பொலிடெக்னிக் நிலையத்தில் விரிவுரையாளரானார். சில ஆண்டுகளில் அதன் தலைமையும் அவரை அடைந்தது. பகலெல்லாம் உழைப்போர்க்கென மாலை வகுப்புக்களை நடாத்தினார். 1860 இல் சிறுவர்க்கென விஞ்ஞான விளையாட்டு நூலொன்றும் எழுதினார்.

ஒலியைப் பற்றி அந்நிலையத்தில் நிகழ்ந்த காட்சியொன்று எம் உள்ளத்தைக் கவர்வது. மேடையிலே யாழ்கள் நிற்கும்; மீட்டுவார் ஒருவருமிலர்; எனினும் அவை இசைக்கும்! கீழே நிலவறையில் வாத்தியக்காரர் வாசிக்க, அவ்வதிர்வு மரக்கோல்கள் வழியே மேலேறி யாழ்களை ஒலிப்பித்தது. யாழைக் கோலினின்று விலக்கினால் இசை நின்றுவிடும். வீற்ஸ்ரன் என்னும் அறிஞர் 1821 இற் காட்டிய உபாயமே இது. யாழின் பெயரை ஊர்ப்பெயரிற் கொண்ட எமக்கு இதனினும் ஏற்ற பாடம் வேறுண்டோ?

அடுத்தது ஒளி. டேர்க்ஸ் என்னும் பொறியியலாளர், கண்ணாடியால் மேடையிற் பேயுருவைத் தோற்றுவிக்கும் வழியை 1858 இல் வெளியிட்டார். அதற்கு அரங்கையே புதிதாகக் கட்டவேண்டியிருந்தமையின் எவரும் ஏற்றிலர். பெப்பர் கண்ணாடியைச் சாய்த்து நிறுத்தி, எவ்வரங்குக்கும் அதனைப் பொருந்தச் செய்தார். மேடையின் முன்னே பள்ளத்தில் ஒருவர் மறைந்து நிற்பார். அவர்மீது பேரொளி பாய்ச்சியதும், கண்ணாடியிற் தெறித்த விம்பம் மேடைமேல் உலாவும். வாள்கொண்டு வெட்டினும் ஊறுபடாது. மேடையில் நிற்கும் நடிகனோ அதனைக் காணான். கண்டவன்போல் அஞ்சி நடித்தல் அவன் கடன். படுகோணமும் தெறிகோணமும் சமம் என்னும் விதியன்றி அங்கே வேறொரு மாயமுமில்லை.

1862 திசெம்பர் 24 இல் டிக்கன்ஸின் கதையொன்றைக்கொண்டு இது முதன்முதல் ஆடப்பட்டது. காட்சி முடிந்ததும் மர்மத்தை விளக்குவதே பெப்பரின் எண்ணம். ஆனால், அவையோர் கொண்ட பெருவியப்பைக் கண்டதும் வாய்மூடிக் கொண்டார். டேர்க்ஸுடன் சேர்ந்து காப்புரிமையும் நாடினார். பின்னர் இருவரும் பெருமை யாருக்கென்று பிணங்கினர். உலகமோ அதற்குப் பெப்பரின் பேய் என்றே பெயரிட்டது.

இவ்விடத்து யாம் பெப்பரோடு உடன்படோம். விளக்கத்தைச் சற்றே ஒத்திவைத்தல் ஆசிரியர்க்கு ஆகும். விலைப்பொருளாக்கி மறைத்தல் ஆகாது. மரக்கோலைக் காட்டிக் கற்பித்தவர் கண்ணாடியை ஒளித்த அன்றே, மாணாக்கர் வெறும் பார்வையாளராயினர். யாம் வகுப்பில் ஒரு கண்ணாடித் தகட்டின் முன்னே மெழுகுதிரியும், பின்னே அதேயளவு தூரத்தில் நீர் நிறைந்த குவளையும் வைத்து, நீருள் சுடர் எரிவதாகக் காட்டுவதுண்டு. சிறுவர் ஆரவாரிப்பர், பின் எழுந்து வந்து மறுபுறம் எட்டிப் பார்ப்பர். அவ்வெட்டிப் பார்த்தலுக்கே பெப்பர் இடமளித்திலர்.

பின்னாளில் அவர் அமெரிக்கா சென்றார். 1879 இல் அவுஸ்திரேலியாவை அடைந்தார். 1882 இல் பிறிஸ்பேன் நகரில் வெடியதிர்ச்சியால் மழை பெய்விக்க முயன்று, மழையின்றி நகைப்பையே பெற்றார். 1889 இல் தாயகம் மீண்டு, மறு ஆண்டிற் பேயின் மெய்வரலாற்றை நூலாக எழுதி, அன்று சொல்லாது விட்ட விளக்கத்தை இருபத்தெட்டு ஆண்டு கழித்து வெளியிட்டார். 1900 இல் அவர் காலமானார்.