இடிப்பொலியை அடக்கியவர்

மேட்டுச் சாலையில் ஏறும் காரின் ஆக்சிலரேட்டரை ஓட்டுநர் அழுத்துகிறார். வேகம் கூடும்போதே, சிறு சுத்தியலால் இரும்பைத் தட்டுவது போன்ற ஒலி இயந்திரத்திலிருந்து எழுகிறது. பணிமனைகளில் இதனை நாக்கிங் என்பர். தமிழில் இடிப்பொலி எனலாம். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கார் செய்வோரின் உறக்கத்தைக் கெடுத்தது இவ்வொலி. இதன் காரணத்தை ஆராய்ந்து, அதனை அடக்கும் மருந்தையும் கண்டறிந்தவர் தாமஸ் மிட்ஜ்லி.

மிட்ஜ்லி 1889ஆம் ஆண்டு அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் பிறந்தார். கார்னெல் பல்கலைக்கழகத்தில் 1911இல் இயந்திரப் பொறியியல் பட்டம் பெற்றார். வேதியியலை அவர் முறையாகப் பயின்றவர் அல்லர் என்பது கருதத்தக்கது. 1916இல் ஒகையோ மாநிலத்தின் டேட்டன் நகரில், காருக்கு மின்விசைத் தொடக்கியை அமைத்துப் புகழ்பெற்றிருந்த சார்லஸ் கெட்டரிங்கின் ஆய்வகத்தில் சேர்ந்தார். இடிப்பொலியை ஆராயும் பணி அவரிடம் ஒப்படைக்கப்பட்டது.

அக்காலத்தில் கெட்டரிங் வடிவமைத்த மின்கலப் பற்றவைப்பு முறையின்மீதே பலர் பழி சுமத்தினர். எரிபொருள் உரிய நேரத்திற்கு முன்பே தீப்பற்றுகிறது என்று கருதியவர்களும் இருந்தனர். மிட்ஜ்லி ஊகத்தில் நிற்கவில்லை. உருளைக்குள் நிகழும் அழுத்த மாற்றத்தைப் படச்சுருளில் பதிவு செய்யும் கருவியைத் தாமே அமைத்தார். தீப்பொறி எழுந்து, எரிதல் தொடங்கிய பின்னரே அழுத்தம் திடீரென உயர்வதை அது காட்டியது. தீச்சுடர் உருளையின் ஒரு முனையிலிருந்து பரவி வருகையில், மறுமுனையில் எஞ்சியிருக்கும் கலவை அழுத்தத்தாலும் வெப்பத்தாலும் தானே வெடித்து எரிகிறது. அந்த அதிர்ச்சி உருளைச் சுவரில் மோதும் ஒலியே நாம் கேட்பது. ஆக்சிலரேட்டரை அழுத்தும்போது மிகுதியான கலவை உட்புகுந்து அழுத்தம் கூடுவதால் ஒலியும் கூடுகிறது. ஆக, நோய் எரிபொருளில் இருந்தது.

மருந்து தேடிய கதை சுவையானது. பனி விலகுமுன்னரே பூக்கும் ஒரு செடியின் சிவந்த இலைகளை அவர்கள் நினைவுகூர்ந்தனர். செந்நிறம் வெப்பத்தை ஈர்க்குமெனில், எரிபொருளுக்குச் சிவப்பேற்றினால் அது விரைந்து ஆவியாகுமன்றோ? சாயம் கைவசம் இல்லாததால் அயோடினைக் கலந்தனர். ஒலி அடங்கியது! பின்னர் உண்மையான செஞ்சாயங்களைக் கலந்தபோது பயன் ஏதுமில்லை. கொள்கை பொய்த்தது; ஆயினும் கதவு திறந்துவிட்டது. அயோடின் விலைமிக்கது, பிற சேர்மங்களோ நாற்றம் மிக்கவை. டெலூரியத்தின் பூண்டு நாற்றம் ஆய்வாளர்களின் உடலையும் உடையையும் விட்டு அகலவில்லை. தனிம வரிசை அட்டவணையைத் துணைக்கொண்டு தேடலைத் தொடர்ந்து, 1921ஆம் ஆண்டு டிசம்பர் 9ஆம் நாள் டெட்ரா எத்தில் காரீயத்தைச் சோதித்தனர். ஏறத்தாழ 1,300 பங்கு பெட்ரோலுக்கு ஒரு பங்கு போதுமானதாயிற்று. 1923 பிப்ரவரியில் டேட்டனில் இதன் விற்பனை தொடங்கியது. வணிகப் பெயரில் காரீயம் என்னும் சொல்லே இடம்பெறவில்லை. எத்தில் என்று மட்டும் அழைத்தனர்.

காரீயம் நஞ்சு என்பது பண்டு தொட்டே அறியப்பட்ட உண்மை. மிட்ஜ்லியே அதன் பாதிப்புக்கு ஆளாகி ஓய்வெடுக்க நேர்ந்தது. 1924 அக்டோபரில் நியூஜெர்சியின் பேவே ஆலையில் இந்நஞ்சினால் ஐந்து தொழிலாளர் சித்தம் கலங்கி உயிரிழந்தனர். அம்மாத இறுதியில் செய்தியாளர்களைச் சந்தித்த மிட்ஜ்லி, அத்திரவத்தில் கைகழுவி, அதன் ஆவியை நுகர்ந்தும் காட்டினார். ஆல்கஹாலும் இடிப்பொலியைத் தணிக்கும் என்பதை அவர் முன்பே அறிந்திருந்தார். ஆனால் எவரும் வடித்தெடுக்கக்கூடிய ஒன்றைத் தனியுரிமை ஆக்குவது அரிது. எனவே இதனை அறியாமையால் நேர்ந்த பிழையென ஒதுக்கிவிட இயலாது. மருத்துவர் ஆலிஸ் ஹாமில்டன் போன்றோர் எதிர்த்தனர். 1925இல் நிறுத்தப்பட்ட விற்பனை மறு ஆண்டே மீண்டும் தொடங்கியது.

அதன்பின் மிட்ஜ்லி குளிர்பதனப் பெட்டிக்கான ஃபிரியானை உருவாக்கினார். அது ஓசோன் படலத்தைச் சிதைக்கும் என்பதை அன்று எவரும் அறிந்திலர். விருதுகள் அவரைத் தேடி வந்தன. 1940இல் இளம்பிள்ளை வாதம் அவரை முடக்கியது. படுக்கையிலிருந்து எழுவதற்குக் கயிறும் கப்பியும் கொண்ட அமைப்பொன்றைத் தாமே வடிவமைத்துக்கொண்டார். 1944 நவம்பர் 2ஆம் நாள் அக்கயிறுகளே கழுத்தை இறுக்கிய நிலையில் இறந்து கிடந்தார். அகவை 55.

பெட்ரோல் வழியே காற்றில் கலந்த காரீயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் குன்றச் செய்தது. புவியின் வயதைக் கணித்த கிளேர் பேட்டர்சன், தம் சோதனைகளில் எங்கும் காரீய மாசு குறுக்கிடுவதைக் கண்டு 1965 முதல் வெளிப்படையாக எச்சரித்தார். சென்னை உள்ளிட்ட நான்கு பெருநகரங்களில் காரீயமற்ற பெட்ரோல் 1995இல் அறிமுகமாயிற்று. 2000இல் இந்தியா முழுவதும் அதுவே நடைமுறையானது. உலகில் கடைசியாக அல்ஜீரியா 2021இல் காரீயப் பெட்ரோலைக் கைவிட்டது. இன்றைய கார்களின் இயந்திரத்தில் பொருத்தப்பட்ட சிறிய உணரி இடிப்பின் அதிர்வைக் கண்டறிகிறது, உடனே கணிப்பொறி தீப்பொறி எழும் நேரத்தைச் சற்றே தாமதப்படுத்துகிறது, ஒலி அடங்குகிறது.